பெயர்ப்பலகையில் இல்லாத மூவர்

2023ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்கு அண்மையில் வாழும் என் தமக்கையின் மகனுடைய இல்லத்தில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். பயணப்பையை இறக்கி வைப்பதற்கு முன்னரே அவனுடைய மனைவி என்னிடம் வழக்கொன்றைத் தாக்கல் செய்தாள்.

"மாமா, உங்கட மருமகன் இன்னொண்டும் வாங்கிப்போட்டார். முதல் வாங்கினதை நிப்பாட்டவே இடமில்லை. நீங்களாவது கேளுங்கோ."

இன்னொன்று எனப்பட்டது ஒரு பழைய கார். முதலில் வாங்கியது வொக்ஸ்வகன் 'வண்டு'. சிறு வயதில் நாங்கள் ஆமைக் கார் என்று அழைத்த அதே வண்டிதான். இரண்டாவது, 1971ஆம் ஆண்டின் வொக்ஸ்வகன்-போர்ஷே 914. இருவர் மட்டுமே அமரக்கூடிய, இடுப்பளவு உயரமேயுள்ள, ஆரஞ்சு நிறப் பந்தயச் சாயல் கொண்ட வண்டி. ஒன்று குடும்பத்துக்கான வண்டி, மற்றையது வாலிபத்துக்கான வண்டி. எனினும் இரண்டின் எஞ்சினையும் குளிர்விப்பது காற்று மட்டுமே. நீரும் இல்லை, ரேடியேற்றரும் இல்லை.

மருமகன் 1980களின் இறுதியில் அகதியாக அந்நாட்டுக்குச் சென்றவன். மோட்டார் உதிரிப்பாகத் தொழிற்சாலையொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவன். அவனுடைய முழுப்பெயரை உச்சரிக்க இயலாத சக தொழிலாளர்கள் அதனை மூன்றெழுத்தாகச் சுருக்கிவிட்டனர்; அந்த மூன்றெழுத்தே அவனது தொழிலுடையிலும் தைக்கப்பட்டிருக்கிறது. அதைப்பற்றி அவன் குறைப்பட்டதில்லை.

அவ்வண்டியை அவன் வாங்கிய கதையை என்னிடம் இரு தடவைகள் கூறினான். விற்பவர் ஓய்வுபெற்ற முதியவர். "துருவே இல்லை" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாராம். இவன் மின்சூளுடன் தரையில் படுத்து இரண்டு மணிநேரம் தேடியிருக்கிறான். இந்த 914 வண்டியில் பற்றரி எஞ்சின் அறையின் வலப்பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. மூடியின் இடைவெளியால் மழைநீர் புகும், பற்றரியின் அமிலமும் சொட்டும், இரண்டும் சேர்ந்து கீழேயுள்ள தகட்டையும் பின்சில்லைத் தாங்கும் பகுதியையும் ஓசையின்றித் தின்றுவிடும். இவ்வண்டிக்காரர்கள் அந்த இடத்துக்கு 'நரகக் குழி' என்று பெயரிட்டிருக்கின்றனர். அன்று அவன் பார்த்தபோது அங்கே புதிய வர்ணம் பூசப்பட்டிருந்தது. வீட்டுக்குக் கொணர்ந்து ஒரு மாதத்தின் பின் திருகாணிச்சாவியால் மெல்லத் தட்டியபோது சாவி உள்ளே போய்விட்டது. அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒட்டுவேலையில் கழிந்ததாம். இதைச் சொல்கையில் அவன் முகத்தில் வருத்தத்தைக் காட்டிலும் பெருமிதமே மேலோங்கி நின்றது. பழைய வண்டி வாங்குவோருக்கு இது ஒருவகை நோய் என்று அவன் மனைவி சொல்வதில் உண்மை இல்லாமலில்லை.

எனக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. ஆயினும் இவ்வண்டி என்னை உறங்கவிடவில்லை. காரணம், என்னுடைய பழைய கட்டுரை ஒன்று.

1978 ஜனவரி 19ஆம் திகதி ஜேர்மனியின் எம்டன் தொழிற்சாலையில் அந்நாட்டின் கடைசி வண்டுக் கார் தயாரிக்கப்பட்டது. (மெக்சிக்கோவில் அது 2003 ஜூலை 30 வரை தொடர்ந்தது. மொத்தம் 2 கோடியே 15 இலட்சத்துக்கும் மேல்.) அப்போது நான் கொழும்பில் ஒரு பத்திரிகையின் ஞாயிறு மலரில் இளம் உதவி ஆசிரியன். கையில் அகப்பட்ட ஓர் ஆங்கிலக் கைந்நூலை வைத்துக்கொண்டு முக்கால் பக்கக் கட்டுரை எழுதினேன். பெர்டினண்ட் போர்ஷே என்ற மேதை தனியொருவராக இருந்து அக்காரைச் சிந்தித்துப் படைத்தார் என்பது அதன் சாரம். வாசகர் கடிதங்கள் வந்தன, பாராட்டும் கிடைத்தது. நானும் அதை மறந்துவிட்டேன். பல்லாண்டுகளின் பின் இவ்விடயம் பற்றி வாசிக்க வாசிக்கத்தான் நான் எழுதியதில் எவ்வளவு விடுபட்டிருந்தது என்பது புலனாயிற்று. தனியொருவர் என்று நான் எழுதிய இடத்தில் குறைந்தது மூவரின் பெயர்கள் இருந்திருக்க வேண்டும்.

மருமகனுடைய வண்டியின் பின்புறத்தில் இரண்டு பெயர்கள் ஒட்டியிருக்கின்றன: வொக்ஸ்வகன், போர்ஷே. இந்த இணைப்பின் வரலாறு சுவையானது. 1960களின் இறுதியில் வொக்ஸ்வகனுக்குப் புதிய விளையாட்டுக் கார் ஒன்று தேவைப்பட்டது. போர்ஷே நிறுவனத்துக்கோ விலை குறைந்த ஒரு வண்டி தேவைப்பட்டது. வொக்ஸ்வகனின் தலைவர் ஹைன்ஸ் நோர்ட்ஹோப்பும், பெர்டினண்டின் மகன் பெரி போர்ஷேயும் வாய்மொழியாகப் பேசிக் கைகுலுக்கிக்கொண்டனர். எழுத்தில் எதுவும் இருக்கவில்லை. 1968 ஏப்ரலில் நோர்ட்ஹோப் காலமானார். அவருக்குப் பின் வந்த கூர்ட் லொட்ஸ், கைகுலுக்கலுக்குக் கட்டுப்பட வேண்டிய அவசியத்தைக் காணவில்லை. நெடிய இழுபறியின் பின் இரு தரப்பும் கூட்டாக விற்பனை நிறுவனமொன்றை அமைத்தன. 1969 செப்டெம்பரில் பிராங்க்பேர்ட் கண்காட்சியில் வண்டி வெளிவந்தது. நான்கு சிலிண்டர் வண்டிக்கு வொக்ஸ்வகன் 411 காரின் 1.7 லீற்றர் எஞ்சின், 80 குதிரைவலு. ஆறு சிலிண்டர் வண்டிக்கு போர்ஷே 911இன் 2 லீற்றர் எஞ்சின், 110 குதிரைவலு. பின்னையது விலையில் 911ஐ நெருங்கிவிட்டதால் ஏறத்தாழ 3,300 மட்டுமே தயாராயின. எல்லாமாக 1976 வரையில் 1 இலட்சத்து 18 ஆயிரத்துக்கும் மேல். பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போயிற்று. ஜேர்மனியர் இதை 'வோபோ' என்று நையாண்டி செய்தனர். கிழக்கு ஜேர்மனியின் மக்கள் பொலிசாருக்கும் அன்று அதுவே பட்டப்பெயர்.

ஒரு கட்டாந்தரையில் நின்று மருமகன் எனக்கு எஞ்சினைக் காட்டினான். ஆசனங்களுக்கும் பின்னச்சுக்கும் நடுவே, ஒடுங்கிய மூடியின் கீழே கிடக்கிறது. இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக நான்கு சிலிண்டர்கள் படுத்திருக்கின்றன. குத்துச்சண்டை வீரர் இருவர் முட்டியை நீட்டுவதுபோல எதிரெதிரே இயங்குவதால் இதற்கு 'பொக்சர்' என்று பெயர். சிலிண்டரைச் சுற்றி மெல்லிய உலோக இதழ்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. எஞ்சினின் அச்சிலேயே பொருத்திய விசிறி அவற்றினூடே காற்றைத் தள்ளுகிறது. எண்ணெயும் வெப்பத்தைச் சுமந்து சென்று தன் குளிரூட்டியில் விட்டு வருகிறது. நீர் இல்லாததால் உறைவதற்கோ கொதிப்பதற்கோ ஒன்றுமில்லை. வண்டி நிறுத்துவதற்குக் கொட்டகை இல்லாதவன் பனிக்காலத்தில் திறந்த வெளியில் விட்டுவிடலாம் என்பதே மக்கள் காருக்குக் காற்றைத் தேர்ந்ததற்கு ஒரு முக்கிய காரணம். குறைபாடும் உண்டு. நீர்க்கவசம் இல்லாததால் ஓசை அடங்காது. வெப்பம் ஒரே சீராக இராது. ஓசைக்கும் புகைக்கும் சட்டங்கள் இறுகியபோது போர்ஷேயும் பணிந்தது. 1963இல் அறிமுகமான 911, 1998இல் தன் கடைசிக் காற்றுக் குளிர்ப்பு எஞ்சினுக்கு விடைகொடுத்தது.

இனி, பெயர்ப்பலகையில் இல்லாதவர்களிடம் வருவோம்.

முதலாமவர் ஹான்ஸ் லெட்விங்கா. 1878இல் வியன்னாவுக்கு அருகில் பிறந்து, இன்றைய செக் நாட்டிலுள்ள டாட்ரா நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளரானவர். 1923இலேயே, நடுவில் ஒரே குழாயை முதுகெலும்பாகக் கொண்டு, காற்றால் குளிரும் எஞ்சினுடன் டாட்ரா 11ஐ உருவாக்கியவர். 1930களில் அவர் குழுவினர் எஞ்சினைப் பின்புறத்துக்குக் கொண்டு சென்று, காற்றைக் கிழிக்கும் வளைந்த உடலமைப்பை அளித்தனர். அவர்களின் மாதிரி வண்டிகளையும் பின்னாளைய வண்டுக் காரையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் இரண்டுக்குமிடையே உறவில்லை என்று சொல்லத் துணியமாட்டார். டாட்ரா தரப்பு காப்புரிமை கோரியது. 1939இல் ஜேர்மன் படைகள் செக் நிலத்தை விழுங்கியதும் அந்தக் கோரிக்கை தூங்கியது. போருக்குப் பின் வழக்கு மீண்டும் எழுந்து, டாட்ராவின் முன்னைய உரிமையாளரான ரிங்ஹோபர் தரப்புக்கு 1960களில் வொக்ஸ்வகன் பணம் செலுத்தியதோடு முடிந்தது. லெட்விங்காவோ போர் முடிந்ததும் எதிரிக்கு ஒத்துழைத்தார் என்ற குற்றச்சாட்டில் செக்கோஸ்லோவாக்கியச் சிறையில் ஆறாண்டுகள் இருந்தார். விடுதலையான பின் அந்த நாட்டைவிட்டே போய்விட்டார்.

இரண்டாமவர் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர். ஜோசப் கான்ஸ், 1898இல் புடாபெஸ்டில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பொறியியலாளர், அத்துடன் பத்திரிகை ஆசிரியர். 'மோட்டார் கிரிட்டிக்' என்ற அவரது இதழ், பெரும் நிறுவனங்கள் செய்யும் கனத்த, விலைகூடிய, ஆபத்தான கார்களை ஈவிரக்கமின்றிச் சாடியது. நிறுவனங்கள் வழக்குத் தொடர்ந்தன, விளம்பரங்களை நிறுத்தின. (விளம்பரம் நின்றால் ஆசிரியரின் நாற்காலி எப்படி ஆடும் என்பதை நான் நேரில் கண்டவன். ஆகவே இவர் மீது எனக்குத் தனிப் பற்று.) குறை சொல்வதோடு நில்லாமல் 1931இல் தானே ஒரு சிற்றுந்தின் மாதிரியைச் செய்து காட்டினார். அதற்கு அவர் இட்ட செல்லப்பெயர் 'மைகேபர்'. மே மாதத்தில் பறக்கும் ஒருவகை வண்டுக்கு ஜேர்மன் மொழியில் அப்பெயர். அவரது காப்புரிமைகளின்படி ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1933இல் வெளியிட்ட வண்டியை 'ஜேர்மன் மக்கள் கார்' என்றே விளம்பரம் செய்தனர். அதன் எஞ்சின் காற்றால் குளிர்ந்ததல்ல என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். முதுகெலும்புச் சட்டமும், பின்பக்க எஞ்சினும், தனித்தனியே அசையும் சில்லுகளும், எளியவனுக்கான விலை என்ற எண்ணமும் அங்கே இருந்தன. அவ்வாண்டு மே மாதம் கெஸ்டாப்போ அவரைக் கைது செய்தது. அடுத்த ஆண்டு சுவிற்சர்லாந்துக்குத் தப்பினார். இதழில் அவர் பெயர் இல்லாமற்போயிற்று. பின்னர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து, அங்கேயே மறக்கப்பட்டார்.

மூன்றாமவர் அடொல்ப் ரோசன்பேர்கர். 1900இல் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரில் பிறந்த யூதர். பெயர்பெற்ற பந்தய ஓட்டுநர். 1931இல் ஸ்டுட்கார்ட்டில் போர்ஷே வடிவமைப்பு அலுவலகம் தொடங்கியபோது பங்காளர் மூவர்: போர்ஷேக்கு எண்பது வீதம், அவரது மருமகனான வழக்கறிஞர் அன்ரன் பியெக்குக்குப் பத்து வீதம், ரோசன்பேர்கருக்குப் பத்து வீதம். பணமும் வணிகப் பொறுப்பும் பெருமளவு ரோசன்பேர்கருடையவை. 1933 தொடக்கத்தில் அவர் நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகினார். 1935 ஜூலையில் அவருடைய பங்கு முகமதிப்புக்கே பெரி போர்ஷேயின் கைக்கு மாறியது. செப்டெம்பரில் கெஸ்டாப்போ அவரைப் பிடித்துக் கிஸ்லோ முகாமில் அடைத்தது. வெளிவந்தபின் பிரான்சுக்கும், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போனார். அங்கே அவர் பெயர் அலன் ரொபேர்ட் ஆயிற்று.

இந்த இடத்தில் மருமகன் என்னை நிறுத்தினான். "பேரையும் மாத்தினவரோ, மாமா?" என்று கேட்டுவிட்டு, சிறிது நேரம் துணியால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தான்.

பெர்டினண்ட் போர்ஷேயின் திறமையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. பொறியியல் எண்ணங்கள் அக்காலத்தில் காற்றில் மிதந்தன. பலரும் பலவற்றை எடுத்தாண்டனர். வண்டுக் காரின் எஞ்சினை வரைந்த பிரான்ஸ் ரைம்ஸ்பீஸ், உடலை வரைந்த எர்வின் கொமெண்டா ஆகியோரையும் நான் 1978இல் விட்டுவிட்டேன். ஆனால் 1934 ஜூனில் ஒப்பந்தம் கையெழுத்தான வேளையில் யார் மேசையருகே அமர முடிந்தது, யாரால் முடியவில்லை என்பதைத் தீர்மானித்தது பொறியியல் அன்று. போர்ஷே 1937இல் நாசிக் கட்சியில் சேர்ந்தார். 1938இல் அடிக்கல் நாட்டப்பட்ட தொழிற்சாலையில் 990 மார்க் விலைக்குக் கார் தருவதாகச் சொல்லி, மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் வாராவாரம் சேமிப்புப் பணம் வாங்கினர். ஒருவருக்கும் கார் கிடைக்கவில்லை. போர் வண்டிகளே வெளிவந்தன. அங்கே கட்டாய வேலைக்கு இழுத்து வரப்பட்டோர் ஏறத்தாழ 20,000 பேர். அப்பெண்களின் கைக்குழந்தைகளை ரூஹென் என்ற ஊரில் 'பராமரிப்பு இல்லம்' ஒன்றில் வைத்தனர்; 350க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் மடிந்தன. இவற்றில் ஒரு வரியேனும் என் முக்கால் பக்கத்தில் இல்லை.

போர் முடிந்ததும் 1945 டிசெம்பரில் பிரெஞ்சு அதிகாரிகள் பெர்டினண்ட் போர்ஷேயைச் சிறையிட்டனர். 1947 ஓகஸ்டில் பிணையில் வந்தார். அதற்கிடையே மகன் பெரியும் குழுவினரும் ஒஸ்ரியாவின் கிமுண்ட் என்ற சிற்றூரில், முன்பு மரம் அரியும் ஆலையாக இருந்த இடத்தில் ஒதுங்கியிருந்தனர். அங்கேதான் வொக்ஸ்வகன் பாகங்களைக் கொண்டு 356 என்ற முதல் போர்ஷே கார் பிறந்தது. 1948 ஜூன் 8ஆம் திகதி அது பதிவானது. எஞ்சின் 1,131 கனசென்ரிமீற்றர். வண்டியின் எடை 600 கிலோவுக்கும் குறைவு. அந்த முதல் வண்டியில் எஞ்சின் நடுவிலே இருந்தது. பின்னர் பின்புறத்துக்குத் தள்ளப்பட்டு, இருபதாண்டுகளின் பின் மருமகனின் 914இல்தான் வீதி வண்டியாக மீண்டும் நடுவுக்கு வந்தது. கிமுண்டில் ஐம்பது வண்டிகள் அளவில் கையால் தட்டிச் செய்தனர். 1950இல் ஸ்டுட்கார்ட்டுக்குத் திரும்பினர்.

அதே 1950இல் ரோசன்பேர்கரின் வழக்கும் ஸ்டுட்கார்ட்டில் தீர்ந்தது. 50,000 மார்க்; அத்தோடு ஒரு கார். போர்ஷே 356ஆ, வொக்ஸ்வகனா என்பதை அவரே தெரிவு செய்யலாம். தன் பணத்தில் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் தாங்கிய காரை அவர் எடுக்கவில்லை, வொக்ஸ்வகனை எடுத்தார். ஏன் என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. பெரி போர்ஷே 1976இல் வெளியிட்ட நினைவுநூலில், துன்புறுத்தப்பட்டவர்கள் மேலதிக இலாபம் தேடி வந்தார்கள் என்ற தொனியிலேயே இது பேசப்படுகிறது. அந்நூலும் என் கட்டுரைக்கு இரண்டாண்டுகள் முன்னரே வெளிவந்துவிட்டது என்பதை நினைக்க இன்றும் கூசுகிறது.

லெட்விங்கா 1967 மார்ச்சில் மியூனிக்கில் இறந்தார். கான்ஸ் அவ்வாண்டு ஜூலையில் அவுஸ்திரேலியாவில். ரோசன்பேர்கர் டிசெம்பரில் லொஸ் ஏஞ்சலிஸில். மூவரும் ஒரே ஆண்டில் போய்ச் சேர்ந்தனர்.

நான் புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, "ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் போவமோ, மாமா?" என்று மருமகன் கேட்டான். நாற்பது கிலோமீற்றர் அளவு. விரைவுச்சாலையை விட்டு, கெப்லர் பிறந்த வைல் டெர் ஸ்டட் ஊடாக, வூர்ம் ஆற்றோரமாகச் செல்லும் வளைந்த பாதையைத் தேர்ந்தான். கூரைப் பலகையைக் கழற்றிப் பின்பெட்டியில் வைத்தோம். வண்டிக்கு முன்னொரு பெட்டி, பின்னொரு பெட்டி. அக்கால 914இல் பயணியின் ஆசனம் நகராது; அதற்குப் பதிலாகக் கால்மிதிக் கட்டை ஒன்றைத் தந்திருக்கிறார்கள். என் போன்ற குட்டையர்களுக்கு அது பெருங்கொடை. முதலாம் கியர் இடப்பக்கம் கீழே இருக்கிறது. அதைத் தேடுவது, இருட்டில் குழம்புச் சட்டிக்குள் அகப்பையை விட்டுத் துழாவுவது போலிருந்தது.

ஆனால் ஓடத் தொடங்கியபின் என்ன சொல்வது! எண்பது குதிரைவலு ஒன்றும் பெரிதல்ல. இன்றைய குடும்பக் கார் எதுவும் முந்திவிடும். எனினும் நிலம் கைக்கெட்டும் தூரத்தில் ஓடுகிறது. முதுகுக்குப் பின்னால் எஞ்சின் தையல் இயந்திரமும் பறையும் கலந்தாற்போல ஒலிக்கிறது. வளைவுகளில் வண்டி சாயாமல், கயிற்றில் கட்டி இழுத்தாற்போலத் திரும்புகிறது. பைன் மரங்களின் ஈரவாசனையோடு எஞ்சின் சூட்டின் எண்ணெய் வாசனையும் மாறிமாறி வந்தது. எழுபது வயதுக் கிழவன் நான் வாய்விட்டுச் சிரித்தேன். மேற்சொன்ன அவ்வளவையும் அறிந்த பின்னும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஃபோர்ட்ஸ்ஹைம் தங்கநகைத் தொழிலுக்குப் பேர்போன ஊர். 1945 பெப்ரவரி 23ஆம் திகதி இரவு குண்டுவீச்சில் 17,000க்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டனர். ரோசன்பேர்கர் சிறுவனாகக் கண்ட நகரில் மிகச் சிறிதே எஞ்சியிருக்கிறது. ஆற்றோரம் வண்டியை நிறுத்தினோம். எஞ்சின் நின்ற பின்பும் உலோகம் ஆறும் டிக் டிக் என்ற ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. என் குறிப்புப் புத்தகத்தை எடுத்து மூன்று பெயர்களையும் பிறந்த, இறந்த ஆண்டுகளையும் எழுதினேன். மருமகன் எட்டிப் பார்த்தான்.

"இதை எங்க போடப்போறியள்?"

அப்பத்திரிகை இன்று இல்லை. அதன் ஆசிரியரும் இல்லை. திருத்தம் என்ற தலைப்பில் மூன்று வரி போடுவதற்கு ஒரு மூலையும் எனக்கு எஞ்சவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்: 1978 ஜனவரியில் வெளியான என் கட்டுரையில் "தனியொருவராக" என்றிருந்தது பிழை.

தூறல் விழத் தொடங்கியது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூரைப் பலகையை வைத்தோம். என் பக்கத்துக் கொளுக்கி இரண்டு முறை நழுவியது.

"மெதுவா, மாமா," என்றான் அவன். "தண்ணி உள்ளுக்க போனால் திரும்பவும் ஒட்டோணும். பேந்து வீட்டுக்காரி ரெண்டு பேரையும் வெளியில விட்டிடுவா."